கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டிசம்பர் 24, வீட்டில் பெரியவர்கள் இருவர்தான்: பலகாரம், குடில், கறி எல்லாம் எந்த வரிசையில்?

பள்ளத்தூர் வளவு:
காரைக்குடிப் பக்கம் பழைய வளவு வீடு (முற்றம் வைத்த பெரிய வீடு). ஆண்டு முழுக்க இருப்பது பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவி இருவர்தான். 24ஆம் தேதி மதியம் மகள் குடும்பம் வந்துவிடும், மகன் குடும்பம் பல்லவன் ரயிலில் இரவு வந்து இறங்கும். பெரியவர்களையும் சேர்த்து 11 பேர், அதில் 4 பிள்ளைகள். இப்போதுள்ள திட்டம் இது: 24 காலையில் அதிரசம், தேன்குழல், சீப்புச் சீடை. மதியம் குடில், நட்சத்திரம். மாலை கவுனி அரிசி (கருப்பரிசியில் செய்யும் இனிப்பு). இரவு 11.30 பூசை. 25 காலை வெள்ளைப் பணியாரம், மதியம் ஆட்டுக்கறி. அக்கம்பக்கத்தில் 15 வீடுகளுக்குப் பலகாரத் தட்டும் போக வேண்டும். ஒரே நாளில் இது நடக்குமா? எதை முன்னால் தள்ளலாம்? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

கோட்டையூர் அடுப்படி:
நடக்காது அக்கா. 24ஆம் தேதி எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறக் கூடாது. இதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்காரும். அறுபத்தைந்தைத் தாண்டிய இருவர் நாலு மணி நேரம் சட்டிக்கு முன்னால் நின்றுவிட்டு, இரவு ஒரு மணி வரை கோயிலில் விழித்திருப்பது உடம்புக்கு ஆகாத வேலை. கெட்டுப்போகாத பலகாரம் எல்லாவற்றையும் 22ஆம் தேதிக்குள் முடித்து டப்பாவில் போட்டுவிடுங்கள்.

உங்கள் காலண்டரை அதிரசம்தான் தீர்மானிக்கிறது, ஏனென்றால் அதன் மாவு புளிக்க வேண்டும். 19ஆம் தேதி மாவு கிளறி, 21 அல்லது 22இல் சுடுங்கள். அளவு: மாவு பச்சரிசி 1 கிலோ, பாகு வெல்லம் 750 கிராம், ஏலக்காய் 10, விரல்கடை அளவு சுக்கு, நெய் இரண்டு கரண்டி. எலுமிச்சை அளவில் உருட்டினால் 45 முதல் 50 வரை வரும். 15 வீட்டுக்கு மூன்று மூன்று கொடுத்தாலே 45 ஆகிவிடுகிறது. அதனால் 2 கிலோ போடுங்கள், ஆனால் பாகை ஒரு கிலோ அளவுக்குத் தனித்தனியாக இரண்டு தடவை காய்ச்சுங்கள். பெரிய உருளியில் மொத்தமாகக் காய்ச்சினால் மாவு கிளறும்போது கை விட்டுப்போகும், பாகு ஒரு பக்கம் முற்றிவிடும்.

அரிசியை ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் வேட்டித் துணியில் 15, 20 நிமிடம் உலர்த்துங்கள். கையில் அள்ளினால் அரிசி ஒட்டக் கூடாது, ஆனால் குளிர்ச்சி தெரிய வேண்டும். உடனே அரைத்துச் சலித்து, சலித்த மாவைக் காயவிடாமல் மூடி வையுங்கள். வெல்லத்துக்கு ஒரு டம்ளருக்கும் குறைவான தண்ணீர் போதும். கரைந்ததும் வடிகட்டிக் கல் மண்ணை எடுத்துவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் திரண்டு, மெத்தென்று உருள வேண்டும். தக்காளிப் பதம் என்பது இதுதான். கிண்ணத்தில் போட்டால் 'டங்' என்று சத்தம் வந்தால் பதம் தாண்டிவிட்டது. பதம் வந்ததும் இறக்கிவிட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். இறக்கும்போது இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாக, தளர்வாகத்தான் இருக்க வேண்டும். ஆறினால் இறுகும். அப்போதே சப்பாத்தி மாவு போல வந்துவிட்டால் மறுநாள் கல்லாகிவிடும். மேலே நெய் தடவித் துணியால் வாய் கட்டி வையுங்கள்.

சுடும்போது எண்ணெயில் பிரிந்து கரைந்தால் பாகு இளசு. ஒரு கைப்பிடி ஈர அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விண்டு விரிசல் விட்டு, வெந்ததும் கடினமாக இருந்தால் பாகு முற்றல். வெதுவெதுப்பான பால் இரண்டு கரண்டி தெளித்துப் பிசைந்து அரை மணி நேரம் விடுங்கள். தீ மிதம்தான். எண்ணெய் அதிகம் காய்ந்தால் மேலே கறுத்து உள்ளே மாவாக நிற்கும். எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயை வடியுங்கள். இதைச் செய்யாமல் அடுக்கினால் நாலாம் நாள் டப்பா அடியில் எண்ணெய் நிற்கும், சிக்கு வாடை வரும்.

இராம்நகர் தேவகோட்டை:
மூன்று நாள் புளிக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. மாவு ஒரு இரவு இருந்தாலே சுடலாம். இரண்டு மூன்று நாள் இருந்தால் வாசமும் மெதுமெதுப்பும் கூடும், அவ்வளவுதான். டிசம்பர் குளிரில் வெளியில் வைத்தால் கெடாது. ஆனால் அடைமழையாக இருந்தால் மேல்பரப்பில் பூசணம் பிடிக்காமல் தினமும் ஒரு தடவை உலர்ந்த கரண்டியால் கிளறிவிடுங்கள்.

பள்ளத்தூர் வளவு:
கடையில் விற்கும் பாக்கெட் பச்சரிசி மாவில் அதிரசம் செய்யலாமா? அரைக்கும் வேலை மிச்சமாகும்.

கோட்டையூர் அடுப்படி:
வேண்டாம். பாக்கெட் மாவு எலும்பாகக் காய்ந்தது. பாகின் ஈரத்தை முழுக்க இழுத்துக்கொள்ளும், அதிரசம் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். அந்த மாவைத் தேன்குழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சரியாக வரும். அரைக்கும் வேலைதான் கஷ்டம் என்றால், ஊறி உலர்த்திய அரிசியை மில்லில் கொடுங்கள். ஈர மாவு அரைக்கும் மில் எது என்று கேட்டு, மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோம்பு கல்பாசி:
தேன்குழலுக்கும் சீப்புச் சீடைக்கும் நான் சொல்கிறேன்.

தேன்குழல்: அரிசி மாவு 1 கிலோ, வறுத்து அரைத்த உளுந்து மாவு 250 கிராம், வெண்ணெய் 75 கிராம், சீரகம் ஒரு மேசைக்கரண்டி, உப்பு. வெண்ணெய் கூடினால் எண்ணெயில் உதிரும், குறைந்தால் பல்லுக்கு வேலை. உளுந்தை வாசம் வரும் வரை மட்டும் வறுங்கள், சிவந்துவிட்டால் தேன்குழலும் சிவக்கும். எல்லா மாவையும் ஒரே தடவையில் பிசையாதீர்கள். பிசைந்த மாவு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நிறம் மாறும், எண்ணெயும் குடிக்கும். உலர் மாவை மொத்தமாகக் கலந்து வைத்துக்கொண்டு, கால் பங்கு கால் பங்காகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். ஒருவர் பிசைந்து பிழிய, ஒருவர் சட்டியைப் பார்க்க, இருவருக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. மரத்தால் ஆன பிழியும் அச்சை மணிக்கட்டு வலியோடு அழுத்த வேண்டாம், திருகு வைத்த பித்தளை அச்சு நல்லது.

சீப்புச் சீடையில்தான் ஆட்கள் சலித்துப்போகிறார்கள். அரிசி மாவு 4 பங்கு, உளுந்து மாவு 1 பங்கு, ஒரு கிலோவுக்குப் பெரிய தேங்காய் ஒன்றின் கெட்டிப் பால். பாலைக் கொதிக்கவைத்துச் சூடாகவே மாவில் ஊற்ற வேண்டும். பச்சைப் பால் விட்டால் பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும். சீப்பு அச்சில் நீளமாகப் பிழிந்து, ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டி, வரிப்பக்கம் வெளியே தெரிய விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டுங்கள். எண்ணெயில் பிரிந்து விரிந்தால் மாவு காய்ந்திருக்கிறது, ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். வெடித்தால் சுற்றும்போது இரண்டு முனையையும் அழுத்தி மூடிவிட்டீர்கள், உள்ளே அடைபட்ட ஆவி வெளியேற வழியில்லை. குழல் இரண்டு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். எண்ணெய் அடங்கி, சலசலப்பு நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் ஆறியதும் நமத்துப்போகும்.

இருவர் மட்டும் உள்ள வீட்டில் ஒரு கிலோ சீப்புச் சீடை சுற்றுவது என்பது என் கணக்கில் அதிகம். அரைக் கிலோவோடு நிறுத்துங்கள். மிச்சத்தைக் காரைக்குடியில் ஆர்டருக்குச் சுட்டுக் கொடுக்கும் ஆச்சிமார்களிடம் வாங்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. பத்து நாள் முன்பே சொல்லிவிட வேண்டும், பண்டிகை நெருக்கத்தில் மறுத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சுடுவதாக இருந்தால் முதலில் தேன்குழல், அடுத்து சீடை, கடைசியில் அதிரசம். அதிரசம் போட்ட எண்ணெயில் வெல்லமும் மாவும் கருகி அடியில் தங்கும். அதில் தேன்குழல் பிழிந்தால் வெள்ளை வராது. கடலை எண்ணெய் 2 லிட்டர் எடுத்து வையுங்கள், சட்டியில் எப்போதும் பாதிக்கு மேல் வேண்டாம்.

ஓலைக்கொட்டான்:
பிள்ளைகளுக்கு மாவுருண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் சட்டியே தேவைப்படாத பலகாரம். பாசிப்பருப்பு அரைக் கிலோவைப் பொன்னிறமாக வறுத்து நைசாக அரைத்து, அதே எடை சர்க்கரைப் பொடி கலந்து, 250 கிராம் நெய்யைச் சூடாக ஊற்றிப் பிடிக்க வேண்டும். நெய் ஆறினால் உருண்டை நிற்காது. ஒரு தடவைக்குக் கால் பங்கு மாவில் மட்டும் நெய் விடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
குடிலுக்கு வருகிறேன். 24 மதியம் தொடங்குவது தாமதம், ஏனென்றால் பச்சைத் தரைக்கு விதை போட வேண்டுமே. 14ஆம் தேதி கேழ்வரகோ நெல்லோ ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு விரல் உயரத் தட்டில் மண்ணும் மணலும் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். டிசம்பர் குளிரில் ஒன்பது, பத்து நாள் பிடிக்கும். முளை வந்ததும் வெளிச்சத்தில் வையுங்கள். இருட்டிலேயே விட்டால் முளைப்பாரி போல வெளிறி நீண்டு, குடிலில் வைத்த மறுநாள் சாய்ந்துவிடும்.

இடம்: முற்றத்தில் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியிலும் ஒரு நாள் கொட்டிவிட்டுப் போகும். முகப்பிலோ உள்திண்ணையிலோ போடுங்கள், வருகிறவர்கள் கண்ணிலும் படும். தரையில் உட்கார்ந்து கட்டாமல் இரண்டடி உயர மேசை மேல் 4 அடிக்கு 3 அடி பலகை போட்டால் முட்டிக்கு நல்லது. 23ஆம் தேதி சாயங்காலமே மூங்கில் சட்டம், கூரை, மலை எல்லாம் முடித்துவிடுங்கள். 24 மதியம் பிள்ளைகள் வந்ததும் ஆடு, இடையர் சுரூபங்களை அவர்கள் கையால் வைக்கட்டும். பாலன் இயேசு சுரூபம் இரவுப் பூசைக்குப் பிறகுதான் தொட்டிலில் ஏற வேண்டும். மூன்று ராஜாக்களைத் தொலைவில் நிறுத்தி நாளுக்குக் கொஞ்சம் நகர்த்திக் கொண்டுவந்தால், ஜனவரியில் வரும் திருக்காட்சிப் பெருவிழாவுக்குக் குடிலை அடைவார்கள். அதை அடுத்து வரும் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை குடில் இருக்கலாம்.

வைக்கோல் கூரைக்குள் சீரியல் பல்பை நுழைக்காதீர்கள். சரத்தைப் பின்பக்கப் பலகையில் ஒட்டுங்கள், தூங்கப் போகும்போது சுவிட்சை அணையுங்கள். நட்சத்திரத்துக்குள் பழைய குண்டு பல்பு வேண்டாம், அந்தச் சூடு காகிதத்தைக் கருக்கும். 7 வாட் எல்இடி போதும். ஹோல்டர் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒயர் ஹோல்டருக்குள் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் ஒயர் வழியே உள்ளே ஓடாமல் வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்பு போட்ட இடம் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. ஏணியில் ஏறுவது பெரியவர் வேலை இல்லை. தெரிந்த எலக்ட்ரீஷியனை 20ஆம் தேதிக்குள் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி போல வழவழப்பானது. ஒரு ஆணிக்குக் கையகலம் பெயர்ந்து வரும், அதே போலப் பூசித் தர இன்று ஆள் கிடைப்பது சிரமம். உத்தரத்தில் இருக்கும் பழைய கொக்கிகளைப் பயன்படுத்துங்கள்.

சருகணி சாலை:
தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் மூன்று எச்சரிக்கை. முளைத் தட்டை நேராகத் தரையில் வைத்தால் வட்டமாக ஈரக்கறை விழும், அடியில் பாலிதீன் போட்டு மேலே மரப்பலகை வையுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு, தாம்பாளம் தேய்க்கிற புளியும் எலுமிச்சையும் அந்தக் கல் மேல் படவே கூடாது. சிமெண்டால் செய்த கல், புளிப்பு பட்டால் மேல் நிறத்தை அரித்து மங்கல் தழும்பாக்கும், அது போகாது. பின்கட்டுத் துவைகல்லில் வைத்துத் தேய்த்துக் கொள்ளுங்கள். எண்ணெய் சிந்தினால் தண்ணீர் ஊற்றாமல் உடனே அரிசித் தவிடோ மரத்தூளோ கொட்டி இழுக்கவிட்டு, பிறகு துடையுங்கள். ஆசிட், பிளீச்சிங் எதுவும் ஆகாது, வெறும் தண்ணீரே போதும்.

இன்னொன்று, 2 பேர் இருந்த வீட்டில் 11 பேர். மேல்தொட்டி வால்வு, பின்கட்டுக் குளியலறைக் குழாய், மோட்டார் மூன்றையும் ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பாருங்கள். மாற்று சிலிண்டர் நிறைந்து இருக்கிறதா என்பதையும்.

பள்ளத்தூர் வளவு:
நன்றி. அப்படியானால் 24ஆம் தேதிக்கு என்னதான் மிச்சம்?

கோட்டையூர் அடுப்படி:
நிறைய இருக்கிறது, ஆனால் எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. காலை ஏழரைக்குள் வாசலில் கோலம். பிறகு 15 வீட்டுத் தட்டும் அடுக்கிவிடுங்கள். கறி மசாலா வறுத்து அரைப்பது, சின்ன வெங்காயம், பூண்டு உரிப்பது காலை 11 மணிக்குள். மதியச் சாப்பாடு சாம்பார், ஒரு பொரியலோடு எளிதாக இருக்கட்டும். இரண்டிலிருந்து நாலு வரை இருவரும் கட்டாயம் படுக்க வேண்டும். நாலரைக்குக் கவுனி. இரவுச் சாப்பாடு பூசைக்குப் போகிறவர்களுக்கு எட்டரைக்கே முடியட்டும். நன்மை (நற்கருணை) வாங்க ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்பது சட்டம், ஆனாலும் பெரியவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவ அறிக்கை செய்ய) 24 சாயங்காலம் வரிசை நீளும், 22 அல்லது 23இல் போய்விடுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும் எடுத்து வைத்தால் போதும், வந்த வேகத்தில் கோயிலுக்குக் கிளம்பத்தான் நேரம் இருக்கும். இரவுப் பூசை முடியாதவர்கள் 25 காலைப் பூசைக்குப் போகலாம். கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாள் கடமை அதிலும் நிறைவேறும், உடம்பை வருத்த வேண்டாம்.

சோம்பு கல்பாசி:
கவுனிக்கு அளவு: 11 பேருக்கு அரைக் கிலோ. 23 இரவே கழுவி ஊறவையுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், நிறம் முழுக்க அதில்தான் இருக்கிறது, அதையே அளந்து வேகவையுங்கள். ஒன்றுக்கு மூன்றரைத் தண்ணீர். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், எட்டு விசில் விட்டு அதன் பிறகு சிறுதீயில் கால் மணி நேரம். ஆவி அடங்கித் திறந்ததும் சூட்டோடு மரக்கரண்டியால் நன்றாக மசித்த பிறகே சர்க்கரை 400 கிராம், ஒரு பெரிய தேங்காய்த் துருவல், நெய் 100 கிராம், ஏலக்காய். வேகும் முன் சர்க்கரை போட்டால் அரிசி இறுகிவிடும், பிறகு எந்தத் தீயாலும் வேகாது. இரவு மிச்சமானதை மூடி வைத்து, காலையில் ஒரு கரண்டி பால் தெளித்து ஆவியில் சூடாக்கலாம். தேங்காய் சேர்ந்திருப்பதால் இரவில் குளிர்பெட்டிக்குள் இருக்கட்டும்.

வெள்ளைப் பணியாரம்: உழக்கு என்னும் அளவைப் பாத்திரம் நிறையப் பச்சரிசியை அள்ளி, அதன் தலையில் கோபுரமாக நிற்கும் வரை உளுந்தைக் கொட்டுங்கள். அந்தத் தலைக்கட்டு உளுந்துதான் அளவு. 11 பேருக்கு மூன்று உழக்கு. 25 காலை ஐந்தரைக்கு ஊறவைத்து ஏழரைக்கு அரைத்து உடனே சுட வேண்டும். முந்தின இரவே அரைத்தால் மாவு புளித்து எண்ணெயைக் குடிக்கும், நிறமும் மங்கும். தோசை மாவை விடச் சற்றுத் தளர்வு, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு கரண்டி பால். எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு கரண்டிதான் ஊற்றுவது. அது தானாக மேலே வந்து ஓரம் விரிந்ததும் திருப்பிப் போட்டு, சிவக்கும் முன் எடுத்துவிடுங்கள். பந்து போல உருண்டால் மாவு கெட்டி, தட்டையாகப் படர்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது. சட்டி முன் நிற்கும் இந்த ஒரு வேலையை மகனோ மருமகளோ எடுத்துக்கொள்ளட்டும்.

கறி: 11 பேருக்கு இரண்டரைக் கிலோ. ஒன்றரைக் கிலோ குழம்புக்கு, ஒரு கிலோ உப்புக்கறிக்கு. கறிக்கடையில் 22ஆம் தேதியே சொல்லி, 25 காலை ஆறு மணிக்குப் போய் வாங்குங்கள். குழம்புக்குத் தொடையும் நெஞ்செலும்பும், உப்புக்கறிக்கு எலும்பு குறைவாகச் சின்ன நெல்லிக்காய் அளவுத் துண்டு. உப்புக்கறிக்கு மசாலாப் பொடி எதுவும் வேண்டாம்: நல்லெண்ணெய் 100 மில்லி, விதை உதறிய வரமிளகாய் 20, சின்ன வெங்காயம் 300 கிராம், பூண்டு இரண்டு முழுசு, மஞ்சள், உப்பு. கறி தன் தண்ணீரிலேயே வேக வேண்டும். கரண்டி கரண்டியாகத் தெளிக்கலாம், மொத்தமாக ஊற்றினால் சுவை குழம்புக்குப் போய்விடும். முற்றிய ஆடாக இருந்தால் முதலில் குக்கரில் மூன்று விசில், அந்தத் தண்ணீரோடு சட்டிக்கு மாற்றி வற்றவிடுங்கள். வரமிளகாய் கருகிவிட்டால் கறி முழுக்கக் கசக்கும், மிளகாய் போட்டதும் தீயைக் குறையுங்கள்.

ஓலைக்கொட்டான்:
15 வீட்டுத் தட்டுக்கு ஒரு யோசனை. பனையோலைக் கொட்டானில் (சிறு கூடையில்) கொடுத்தால் திரும்ப வாங்கி வைக்கத் தேவையில்லை, அதுவே அன்பளிப்பாகிவிடும். உள்ளே வாழையிலை போடாதீர்கள், அதன் ஈரத்தில் இரண்டு மணி நேரத்தில் தேன்குழல் நமத்துவிடும். பட்டர் பேப்பர் போடுங்கள். அதிரசம் 3, தேன்குழல் 4, சீடை ஒரு கைப்பிடி, மேலே இரண்டு வாழைப்பழம் தனியாக. அதிரசமும் தேன்குழலும் ஒன்றை ஒன்று தொடாமல் நடுவில் ஒரு காகிதம். தீபாவளிக்கு உங்களுக்குத் தட்டு வந்த வீடுகளின் பட்டியலை முதலில் எழுதுங்கள், அவை ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

பள்ளத்தூர் வளவு:
பிள்ளைகளை இடைக்காட்டூருக்கும் ஓரியூருக்கும் கூட்டிப்போக வேண்டும் என்று மகள் சொல்கிறார். 25 மாலை போகலாமா?

தேவகோட்டை ரஸ்தா:
26ஆம் தேதிக்குத் தள்ளுங்கள். 25 மாலை கூட்டம் நெரியும், வீட்டுக்கும் விருந்தாளி வருவார்கள். இரண்டு ஊரும் வேறு வேறு திசை, ஒரே நாளில் பெரியவர்களை இழுத்தடிக்க வேண்டாம். மானாமதுரைக்கு அருகில் இருக்கும் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம் 1894இல் கட்டியது. கோதிக் பாணி, பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்தது. வெயில் உள்ளே விழும் காலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஓரியூர், புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் தலை வெட்டப்பட்ட இடம், திருவாடானைப் பக்கம். தேவகோட்டை வழியாகப் போவது உங்களுக்கு எளிது, அதை 27இல் வைத்துக்கொள்ளலாம். மதியத்துக்குப் புளிச்சாதம் கட்டி, சீடை டப்பா ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.